யார் மீது, யாரால்? விசையையும் இயக்க விதிகளையும் புதிதாகப் படிப்போருக்கு ஒரு வழிகாட்டி

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, மட்டக்களப்பு வாவியிலுள்ள குருமண்வெளித் துறையில் சிறு தோணி ஒன்றிலிருந்து கரைக்குத் தாவினேன். ஒரு கையில் உறிக்கயிற்றில் தொங்கிய தயிர்ச்சட்டி இருந்தது. தோணிக்கும் துறைக்கல்லுக்கும் இடையில் ஓர் எட்டுத் தூரமே இருந்தது. தரையில் அதைவிட அகலமான வாய்க்கால்களை நாள்தோறும் தாண்டிப் பழகியவன் நான். ஆனால் காலை ஊன்றி உந்திய அதே கணத்தில் தோணி பின்னால் நழுவியது. நான் இடுப்பளவு நீரில் நின்றேன், சட்டி கல்லில் பட்டு உடைந்தது, தயிர் வாவியில் வெள்ளையாகப் பரவியது. தோணிக்காரர் சிரித்துவிட்டு, "தோணிய உதைச்சா அது ஓடாம என்ன மனே செய்யும்?" என்றார். அந்த ஒரு கேள்விக்குள் நியூற்றனின் மூன்றாம் விதி முழுமையாக இருந்தது என்பது, விதியை மனப்பாடம் செய்து பரீட்சையில் புள்ளியும் வாங்கிப் பல காலம் கழிந்த பின்னர்தான் எனக்கு விளங்கியது.

ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை படிக்கும் பிள்ளைகளுக்காகவும், வீட்டில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மார், அக்காமார், பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். பத்தாந் தரத்தில் இவ்விதிகள் கணக்குகளோடு வந்து நிற்கும்போது பலர் தடுமாறுவதற்குக் கணிதம் காரணமில்லை. விசை என்றால் என்ன என்பதைக் கையால் உணராமல், வசனங்களாகப் பாடமாக்கிக்கொண்டு வந்திருப்பதே காரணம். ஆகவே இங்கு விதிகள் பின்னாலும் பழக்கங்கள் முன்னாலும் வரும். தேவையான பொருள்கள் எல்லா வீட்டிலும் இருப்பவையே: கொப்பி, பென்சில், அடிமட்டம், சில இறப்பர் வளையங்கள், ஒரு சொப்பிங் பை, தண்ணீர்ப் போத்தல், ஒரு கிலோ சீனிப் பக்கற். கரம் பலகை இருந்தால் இன்னும் நல்லது.

தொடங்குமுன்: சொற்கள்

இணையத்தில் தமிழில் கிடைக்கும் பௌதிகவியல் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவை நல்லவைதான். ஆயினும் இரு நாட்டுப் பாடநூல்களும் ஒரே பொருளுக்கு வெவ்வேறு சொற்களை ஆள்கின்றன என்பதை அறியாமல் அவற்றைப் பார்க்கும் பிள்ளை குழம்பாமல் இருக்க முடியாது. நமது இலங்கைப் பாடநூலில் ஒரு பொருளில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவு திணிவு. அதனைப் புவி இழுக்கும் விசை நிறை. தமிழ்நாட்டுப் பாடநூலில் முன்னையது நிறை, பின்னையது எடை. அதாவது 'நிறை' என்ற ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்றையும் அந்தப் பக்கம் மற்றொன்றையும் குறிக்கிறது. நாம் ஆர்முடுகல் என்பதை அவர்கள் முடுக்கம் என்பர். நமது சடத்துவம் அவர்களுக்கு நிலைமம். நமது கதி அவர்களுக்கு வேகம். நமது வேகம் அவர்களுக்குத் திசைவேகம். தாக்கம், மறுதாக்கம் என்பன அங்கே வினை, எதிர்வினை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்தச் சோடிகள் எல்லாவற்றையும் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு காணொளிகளைப் பாருங்கள். விடைத்தாளில் மட்டும் நமது சொற்களையே எழுதுங்கள்.

1892இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பண்டிதராகவும் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், இரு கரைகளிலும் வாழ்ந்து தமிழில் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் உழைத்தவர். இன்று இரு கரைச் சொற்களும் இப்படிப் பிரிந்து நிற்பதைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

முதற் படி: ஒரே ஒரு பொருளைத் தெரிவுசெய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதனைப் படியுங்கள். விசை பற்றிய பிழைகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவுசெய்யாமலேயே மாணவர் அம்புக்குறிகளை வரையத் தொடங்கிவிடுகிறார்.

சைக்கிளின் கைபிடியில் உறிக்கயிற்றால் தயிர்ச்சட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள், சைக்கிள் நிற்கிறது. சட்டியைத் தெரிவுசெய்கிறோம். கொப்பியில் சட்டியை மட்டும் ஒரு சிறு வட்டமாக வரையுங்கள். சைக்கிளை வரைய வேண்டாம், கயிற்றையும் வரைய வேண்டாம். இப்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, இந்தச் சட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பவை எவை? கயிறு மட்டுந்தான்; காற்றும் தொடுகிறது, ஆனால் சைக்கிள் நின்றுகொண்டிருக்கும்போது அதனைப் புறக்கணிக்கலாம். இரண்டாவது, தொடாமலே விசை செலுத்துபவை எவை? இப்பருவத்தில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை புவியீர்ப்பு, காந்தம், மின்னேற்றம் ஆகிய மூன்றே. இங்கே புவியீர்ப்பு மட்டும் உண்டு. ஆகவே இரண்டு அம்புகள்: கயிறு சட்டி மீது மேல்நோக்கிச் செலுத்தும் விசை, புவி சட்டி மீது கீழ்நோக்கிச் செலுத்தும் விசை. அத்துடன் முடிந்தது.

ஒவ்வோர் அம்புக்கும் அருகில் "இன்னது இன்னதன் மீது செலுத்தும் விசை" என்று முழு வசனமாக எழுதுவதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். சோம்பல் தரும் வேலைதான். ஆனால் அந்த வசனத்தை நிரப்ப முடியாத அம்பு பொய்யான அம்பு என்பது உடனே தெரிந்துவிடும். மேலே எறிந்த பந்தொன்றின் படத்தில், பந்து கையை விட்டுப் போன பின்னரும் மேல்நோக்கி ஓர் அம்பை வரைந்து 'எறிந்த விசை' என்று எழுதும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். அது யாரால் பந்தின் மீது செலுத்தப்படுகிறது என்று கேட்டால், "கையால், சேர்" என்பார்கள். கை இப்போது பந்தைத் தொடுகிறதா? தொடவில்லை. அப்படியானால் அந்த அம்பை அழியுங்கள். பந்து மேலே போய்க்கொண்டிருப்பது அதற்கு வேகம் இருப்பதால்; வேகம் ஒரு விசையன்று. கையை விட்ட கணத்திலிருந்து மீண்டும் கைக்கு வரும்வரை, ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும், பந்தின் மீது இருக்கும் முக்கிய விசை புவியின் இழுவை ஒன்றே.

அதுபோலவே, சட்டியின் படத்தில் கைபிடிக்கு அம்பு வரையக் கூடாது. கைபிடி கயிற்றைத் தாங்குகிறது, சட்டியைத் தொடவில்லை. கயிற்றைத் தெரிவுசெய்து வேறொரு படம் வரையும்போது கைபிடி அதில் வரும்.

இரண்டாம் படி: ஒரு நியூற்றனைக் கையில் பிடித்துப் பாருங்கள்

விசையின் அலகு நியூற்றன். ஒரு நியூற்றன் எவ்வளவு என்று கேட்டால் வரைவிலக்கணத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கும், அது ஒரு தேங்காயின் நிறையா ஒரு தேசிக்காயின் நிறையா என்று சொல்லத் தெரிவதில்லை. அதனை இப்படி அறியலாம். தண்ணீரில் 100 மில்லிலீற்றரின் திணிவு ஏறத்தாழ 100 கிராம். அதனைப் புவி இழுக்கும் விசை 0.98 நியூற்றன். நமது தேவைக்கு அதனை ஒரு நியூற்றன் என்றே கொள்ளலாம்.

இறப்பர் வளையம் ஒன்றை ஆணியில் மாட்டி, அதன் கீழ் முனையில் மெல்லிய சொப்பிங் பையைக் கட்டுங்கள். பின்னால் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, வெறும் பை தொங்கும்போது வளையத்தின் கீழ் முனை நிற்கும் இடத்தில் 0 எனக் குறியுங்கள். பைக்குள் 100 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றி, முனை இறங்கி நிற்கும் இடத்தில் 1 எனக் குறியுங்கள். இவ்வாறே 500 மில்லிலீற்றர்வரை ஊற்றி 5 வரை குறியுங்கள். குறிகளுக்கிடையேயான தூரங்கள் ஒத்திருக்கமாட்டா. பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள விற்றராசின் வில் சீராக நீளும். இறப்பர் அப்படிச் சீராக நீளாது. எனவே முதற் குறியை மட்டும் இட்டுவிட்டு மற்றவற்றை அடிமட்டத்தால் பங்கிட்டு வரைய முயலாமல், ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றியே குறியுங்கள். ஓரிரு வாரங்களில் இறப்பர் தளர்ந்துவிடும். அப்போது புதிதாக மீண்டும் செய்ய வேண்டியதுதான்.

இப்போது உங்களிடம் ஒரு தராசு இருக்கிறது. தாளை ஒரு மட்டையில் ஒட்டி, இறப்பர் வளையத்தின் கீழ் முனை 0 குறியில் நிற்கும்படி அதன் மேல் முனையை மட்டையோடு பொருத்திவிட்டால், கிடையாகவும் இழுத்து அளக்கலாம். ஒரு கிலோ சீனிப் பக்கற்றைச் சிறு மட்டைப்பெட்டி ஒன்றில் வைத்து, சீமெந்துத் தரையில் மெல்ல மெல்ல இழுங்கள். பெட்டி அசையாமல் இருக்க, இறப்பர் நீண்டுகொண்டே போவதைக் கவனியுங்கள். 1 நியூற்றனால் இழுக்கும்போது அசையவில்லை என்றால், தரை அதே 1 நியூற்றனால் பெட்டியைப் பின்னோக்கிப் பிடிக்கிறது. 2 நியூற்றனால் இழுத்தும் அசையவில்லை என்றால், தரையும் 2 நியூற்றனால் பிடிக்கிறது. உராய்வு விசை நீங்கள் கேட்கும் அளவுக்கு வளைந்து கொடுக்கும் ஒரு விசை. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டியதும் பெட்டி திடீரென நழுவும், உடனே இறப்பர் சற்றுச் சுருங்கும். நகரத் தொடங்கிய பொருளை நகர்த்திக்கொண்டிருக்க, அதனை முதலில் நகர்த்தத் தேவைப்பட்டதைவிடக் குறைந்த விசை போதும். நெல் மூடையைத் தரையில் இழுத்த எவருக்கும் இது தெரியும். இங்கே அதனை எண்ணாகப் பார்க்கிறீர்கள்.

பின்னர் தரையில் கொஞ்சம் மணலைத் தூவி இழுத்துப் பாருங்கள்; பெட்டியின் கீழ் நான்கைந்து உருளைப் பேனைகளை வைத்தும் இழுத்துப் பாருங்கள். அளவுகளை அட்டவணையாக எழுதுங்கள். என்னுடைய எண்களை இங்கே தரப்போவதில்லை. உங்கள் தரையும் பெட்டியும் வேறு.

மூன்றாம் படி: விசைகள் சமப்பட்டால் என்ன நடக்கும்?

ஒரு பொருள் மீதுள்ள எல்லா அம்புகளையும் கூட்டி, எதிரெதிரானவற்றைக் கழித்த பின் எஞ்சுவது விளையுள் விசை. அது பூச்சியமானால் பொருள் என்ன செய்யும்? "ஓய்வில் இருக்கும்" என்பதே பெரும்பாலானோரின் விடை. அது பாதி விடை. ஓய்வில் இருந்தது ஓய்விலேயே இருக்கும். நகர்ந்துகொண்டிருந்தது அதே வேகத்தில், நேர்கோட்டில், நகர்ந்துகொண்டே இருக்கும். இதுவே நியூற்றனின் முதலாம் விதி. பொருள்களுக்குத் தமது இயக்கநிலையை மாற்றிக்கொள்ள மறுக்கும் இந்த இயல்பே சடத்துவம்.

விதியின் இரண்டாம் பாதியை நமது அனுபவம் நம்ப மறுக்கிறது, ஏனென்றால் நாம் காணும் எல்லாப் பொருள்களும் தள்ளுவதை விட்டதும் நின்றுவிடுகின்றன. பழங்காலத்து அறிஞர்களும் அப்படியே எண்ணினர். சாய்தளங்களில் குண்டுகளை உருட்டிப் பார்த்த கலிலியோ, தளம் எவ்வளவு வழுவழுப்பாகிறதோ அவ்வளவுக்குக் குண்டு அதிக தூரம் போவதைக் கவனித்து, தடையே இல்லாத தளத்தில் அது நிற்கவே மாட்டாது என்று முடிவுக்கு வந்தார். அவர் கண்ட வழியிலேயே சென்று, 1687இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட தமது நூலில் நியூற்றன் மூன்று விதிகளையும் நிலைநாட்டினார்.

கரம் விளையாடும் நமது பிள்ளைகளுக்குக் கலிலியோவின் பரிசோதனை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாவு போடாத பலகையில் ஒரு காயைச் சுண்டுங்கள், அது போன தூரத்தை அளவுங்கள். மாவு தூவி அதே அளவாகச் சுண்டுங்கள். பின்னர் ஐந்து காய்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலுள்ள காயை மட்டும் அடிகாயால் வேகமாக அடியுங்கள். அடியிலிருந்த காய் பறந்து போகும். மேலே இருந்த நான்கும் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே பலகை மீது இறங்கும். மெதுவாக அடித்தால் அடுக்கு முழுவதும் சரியும், ஏனெனில் அப்போது காய்களுக்கிடையேயான உராய்வு மேலுள்ளவற்றையும் இழுத்துக்கொண்டு போகப் போதிய நேரம் கிடைக்கிறது.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸில் நின்றபடி பயணம் செய்யும்போது, சாரதி பிரேக் போட்டதும் முன்னால் சாய்கிறோமே, நம்மை முன்னால் தள்ளியது யார்? முதற் படியைப் பயன்படுத்துங்கள். உங்களைத் தெரிவுசெய்து, உங்களைத் தொட்டவர்களை எண்ணுங்கள். பின்னாலிருந்து ஒருவரும் தள்ளவில்லை. பஸ்ஸின் தளம் உராய்வினால் உங்கள் பாதங்களைப் பின்னோக்கி இழுத்து அவற்றின் வேகத்தைக் குறைத்தது. உடலின் மேற்பகுதி முன்பிருந்த வேகத்திலேயே போனது. மோட்டார் சைக்கிளில் போகும் ஒருவருக்கும் இதுவே நடக்கிறது. வண்டி எதிலாவது மோதி நின்றால் வண்டியை நிறுத்திய விசை அவர் மீது செலுத்தப்படவில்லை, ஆகவே அவர் நிற்கவில்லை.

நான்காம் படி: சமப்படாத விசை

இரண்டாம் விதி எழுதச் சுருக்கமானது: விளையுள் விசை = திணிவு × ஆர்முடுகல். ஆர்முடுகல் என்பது ஒவ்வொரு செக்கனிலும் வேகம் எவ்வளவால் மாறுகிறது என்பதைக் காட்டும் அளவு. ஒரு கிலோகிராம் திணிவுள்ள பொருளின் வேகத்தை ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 1 மீற்றரால் கூட்டும் விசையே ஒரு நியூற்றன்.

சைக்கிளும் நீங்களும் சேர்ந்து 60 கிலோகிராம் என்று கொள்வோம். நீங்கள் மிதிக்கும்போது வீதி பின் சில்லை 45 நியூற்றனால் முன்னோக்கித் தள்ளுகிறது. காற்றும் ஏனைய தடைகளும் சேர்ந்து 15 நியூற்றனால் பின்னோக்கிப் பிடிக்கின்றன. விளையுள் விசை 30 நியூற்றன். அதனை 60ஆல் வகுத்தால் ஆர்முடுகல் 0.5, அதாவது ஓய்விலிருந்து புறப்பட்டு 4 செக்கனில் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர் ஆகும். 20 கிலோகிராம் திணிவுள்ள தம்பி பின்னால் ஏறிக்கொண்டால், அதே மிதிக்கு ஆர்முடுகல் 30ஐ 80ஆல் வகுக்க வரும் 0.375 ஆகக் குறைகிறது. கணக்கு இவ்வளவுதான். ஆனால் மாணவர் தவறவிடுவது அடுத்த கட்டம். வேகம் கூடக் கூடக் காற்றுத் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் பின்னோக்கிய தடையும் 45 நியூற்றனை எட்டிவிடுகிறது. அப்போது விளையுள் விசை பூச்சியம், ஆர்முடுகலும் பூச்சியம், ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. அடைந்த வேகத்தில் சீராகப் போகிறது. தொடர்ந்து மிதிப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது: தடையைச் சமப்படுத்துவதற்காக மட்டுமே மிதிக்கிறோம்.

கைபிடியில் தொங்கும் தயிர்ச்சட்டிக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதுவே நம் ஊர் ஆர்முடுகல்மானி. சைக்கிள் புறப்படும்போது சட்டி பின்னே தங்கும், கயிறு சாயும். சாய்ந்த கயிறு சட்டியை மேலே மட்டுமன்றிச் சற்று முன்னோக்கியும் இழுக்கிறது. சட்டிக்கு வேகம் கொடுப்பது அந்த முன்னோக்கிய பங்குதான். சீரான வேகத்தில் போகும்போது கயிறு மீண்டும் ஏறத்தாழ நிலைக்குத்தாகிவிடும். பிரேக் பிடித்தால் சட்டி முன்னே போகும். செக்கனுக்குச் செக்கன் 1 மீற்றர் என்ற அளவில் சைக்கிள் ஆர்முடுகினால் கயிறு நிலைக்குத்திலிருந்து சுமார் 6 பாகை சாய்ந்து நிற்கும். சட்டியில் அரைவாசித் தயிர் தீர்ந்திருந்தாலும் சாய்வு அதேயளவுதான், ஏனெனில் திணிவு பாதியானால் புவியின் இழுவையும் பாதி, முன்னோக்கி இழுக்கத் தேவையான விசையும் பாதி.

தேங்காயும் குரும்பட்டியும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ ஒன்றாகவே நிலத்தைத் தொடுவதற்கும் இதே காரணந்தான். தேங்காயைப் புவி அதிக விசையுடன் இழுக்கிறது. ஆனால் அதனை நகர்த்த அதிக விசை தேவைப்படவும் செய்கிறது. இரண்டுக்கும் ஆர்முடுகல் 9.8 என்றே வருகிறது. காற்றே இல்லாத சந்திரனில் 1971இல் அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொற் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

விழும் தேங்காய் பற்றி இன்னொன்று. பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் நிலத்தை அடையும்போது செக்கனுக்கு 14 மீற்றர் வேகத்தில் இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மணலில் விழுந்து 5 சென்ரிமீற்றர் புதைந்து நின்றால், அந்த 5 சென்ரிமீற்றருக்குள் அதன் வேகம் முழுவதும் அழிய வேண்டும். ஒன்றரைக் கிலோ தேங்காய்க்கு மணல் செலுத்தும் சராசரி விசை சுமார் 3000 நியூற்றன். சீமெந்தில் விழுந்து அரைச் சென்ரிமீற்றருக்குள் நின்றால் அதன் பத்து மடங்கு, தேங்காய் பிளந்துவிடும். நிறுத்தும் தூரத்தை நீட்டினால் விசை குறைகிறது. தலைக்கவசத்தின் உள்ளேயுள்ள மெத்தைப் பகுதி தருவதும் அந்தச் சில சென்ரிமீற்றர் தூரத்தைத்தான்.

ஐந்தாம் படி: சோடிகளைக் கண்டுபிடியுங்கள்

"ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு" என்பது எல்லோருக்கும் வாயில் வரும் வசனம். மூன்று விதிகளிலும் அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டதும் இதுவே. தாக்கம் முதலில் நடப்பது போலவும், மறுதாக்கம் அதற்குப் பதிலடியாகப் பிறகு வருவது போலவும் அந்தச் சொற்கள் எண்ண வைக்கின்றன. நான் வகுப்பில் வேறுவிதமாகச் சொல்வதுண்டு: முதற் பொருள் இரண்டாவதன் மீது எவ்வளவு விசை செலுத்துகிறதோ, அதே கணத்தில், அதே அளவு விசையை இரண்டாவது முதற் பொருள் மீது எதிர்த்திசையில் செலுத்துகிறது. முதற் படியில் எழுதிய வசனத்தில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் சோடி கிடைத்துவிடும். "புவி சட்டி மீது கீழ்நோக்கிச் செலுத்தும் விசை" என்பதன் சோடி, "சட்டி புவி மீது மேல்நோக்கிச் செலுத்தும் விசை". கயிறு சட்டியைத் தாங்கும் விசை அதன் சோடி அன்று. அதற்குத் தனியே ஒரு சோடி உண்டு, அது சட்டி கயிற்றைக் கீழே இழுக்கும் விசை. ஒரே பொருள் மீதுள்ள இரண்டு விசைகள் ஒருபோதும் மூன்றாம் விதிச் சோடி ஆகமாட்டா.

நமது மட்டக்களப்பு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கக் கொம்புமுறி விளையாட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த இவ்விளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி என இரு பக்கமாகப் பிரிந்து, வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறுகளைப் பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வடசேரிக் கொம்பு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். தென்சேரிக் கொம்பு அதன் மீது அதிக விசை செலுத்தியதாலா முறிந்தது? இல்லை. கொளுவிய இடத்தில் இரு கொம்புகளும் ஒன்றையொன்று சம விசையாலேயே இழுத்தன; முறியும் கணம்வரை அப்படித்தான். ஒரே அளவு விசையை ஒரு மரம் தாங்கியது, மற்றது தாங்கவில்லை. வெற்றியைத் தீர்மானித்தது கொம்பின் உறுதி. நல்ல கொம்பைத் தேடிக் காடெல்லாம் அலைந்த பெரியவர்களுக்கு இந்தப் பௌதிகவியல் நன்றாகவே தெரிந்திருந்தது.

அடுத்து மாட்டுவண்டி. மாடு வண்டியை இழுக்கும் அதே விசையால் வண்டியும் மாட்டைப் பின்னோக்கி இழுக்கிறது என்றால், வண்டி எப்படி நகர்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளை நன்றாக யோசிக்கிறது. அதட்டி உட்கார வைக்காதீர்கள். விடை, இரண்டு படங்கள் வரைவதில் இருக்கிறது. முதற் படத்தில் வண்டி மட்டும்: மாடு அதனை 300 நியூற்றனால் முன்னே இழுக்கிறது, தடைகள் 200 நியூற்றனால் பின்னே பிடிக்கின்றன, மிச்சம் 100 முன்னோக்கி, வண்டி ஆர்முடுகுகிறது. இரண்டாம் படத்தில் மாடு மட்டும்: வண்டி அதனை 300 நியூற்றனால் பின்னே இழுக்கிறது; மாடு குளம்பால் நிலத்தைப் பின்னோக்கி உந்த, நிலம் மாட்டை 400 நியூற்றனால் முன்னே தள்ளுகிறது; மிச்சம் 100 முன்னோக்கி. மாட்டின் திணிவும் வண்டியின் திணிவும் சமமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நகரும். வண்டி மீதான 300உம் மாட்டின் மீதான 300உம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை, ஏனெனில் அவை ஒரே படத்தில் இல்லை. இரட்டை மாடு பூட்டிய வண்டியென்றால் 'மாடு' என்ற இடத்தில் சோடி மாடுகளையும் ஒரே பொருளாகக் கொள்ளுங்கள்.

கரைவலை இழுப்பவர்களைப் பார்க்க நாவலடிப் பக்கம் போனால், அவர்களின் கைகளைவிடக் கால்களைக் கவனியுங்கள். குதியை மணலில் புதைத்து, உடலைச் சாய்த்து இழுக்கிறார்கள். வலை அவர்களைக் கடலை நோக்கி இழுக்கிறது. அதனை ஈடுசெய்வது மணல் அவர்களின் பாதங்கள் மீது கரையை நோக்கிச் செலுத்தும் விசை. காய்ந்த மணல் நழுவி அந்த விசையைச் சரிவரத் தரமாட்டாது. ஈர மணல் இறுகிப் பிடிக்கும்.

தனியே செய்து பார்க்க

தோணிச் சம்பவத்தைக் கணக்காக்கித் தருகிறேன். முதலில் நீங்களே இரண்டு படங்களையும் வரைந்துவிட்டுத் தொடர்ந்து வாசியுங்கள். நான் அப்போது 30 கிலோகிராம். தோணியும் தோணிக்காரரும் சேர்ந்து 90 கிலோகிராம் என்று கொள்ளுங்கள். நான் தோணியைப் பின்னோக்கி 90 நியூற்றனால் உதைத்தேன், நீரின் தடையைப் புறக்கணிக்கலாம். அப்படியானால் தோணி என்னை முன்னோக்கி 90 நியூற்றனால் தள்ளியது. என் ஆர்முடுகல் 3, தோணியின் ஆர்முடுகல் பின்னோக்கி 1. கால் மடங்கி நீளும் தூரத்தில் நான்கில் ஒரு பங்கைத் தோணி தன் பக்கம் எடுத்துக்கொண்டது; தரையில் நின்று தாவும்போது அது முழுவதும் எனக்கே கிடைத்திருக்கும். உதை சீக்கிரமே முடிந்துவிட்டதால் எனக்குக் கிடைத்த வேகமும் குறைந்தது, நான் நீரில் விழுந்தேன்.

தோணியைத் துறைக் குற்றியில் இறுகக் கட்டியிருந்தால் படம் மாறியிருக்கும். நான் தோணியைப் பின்னோக்கி உதைக்கும் 90 நியூற்றனுக்குச் சமனாகக் கயிறு தோணியை 90 நியூற்றனால் கரைப்பக்கம் இழுத்திருக்கும், தோணியின் மீதான விளையுள் பூச்சியம், அது அசைந்திருக்காது. அடுத்த முறை அதே துறையில் இறங்கியபோது நான் தயிர்ச்சட்டியைத் தோணிக்காரரிடம் கொடுத்துவிட்டு, கயிறு இறுகும்வரை காத்திருந்து இறங்கினேன். சட்டியை அவர் கைக்குக் கை மாற்றித் தந்தார்.